அசை போடாத வயிற்றுக்கு ஒரு புல்தொட்டி

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டு இரண்டு நாள் ஆன ஒரு காலையில், திருக்கடையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, கால்நடை மருத்துவரான எனக்கு அழைப்பு வந்தது. "டாக்டரம்மா, செவலைக்கு ஒரு கண்ணுல தண்ணியா ஊத்துது. ராத்திரியில இருமுது. கொள்ளு வச்சா மோந்து பாத்துட்டு விட்டுடுது" என்றார் ஒரு குதிரைக்காரர். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்றுதான் குதிரையைப் பற்றி ஊரில் சொல்வார்கள். கொள்ளுக்கே வாய் திறக்காத குதிரை என்றால் உள்ளே ஏதோ சரியில்லை. உடனே கிளம்பிவிட்டேன்.

செவலை ஏழு வயதுப் பெண்குதிரை, குஜராத்தின் காத்தியவார் இனக் கலப்பு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் நான்கு வயதில் வாங்கி வந்தது. காணும் பொங்கலன்று திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயத்தில் (குறித்த எல்லை வைத்து வண்டி ஓட்டும் பந்தயம்) ஓடவிடத்தான் வளர்க்கிறார்கள். வீட்டில் அதற்கு முன்பே நான்கு கறவை மாடுகள் உண்டு. மாட்டுக்கொட்டகையை ஒட்டி, ஓட்டுக்கூரை இறக்கி, பத்துக்குப் பத்து அடியில் லாயம் கட்டியிருக்கிறார்கள். தரையில் ஆற்றுமணல். சுவரில் ஐந்தரை அடி உயரத்தில் ஓர் இரும்புக் கம்பிக் கூடை. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. அதில்தான் புல்லும் வைக்கோலும் போடுவார்கள். "கீழ போட்டா மிதிச்சு வீணாக்குதுங்க. அதான் மேல மாட்டிட்டேன்" என்றார் குதிரைக்கு உடையவர். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

இந்த நிகழ்வை முழுதாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டுமருந்து, இருமலுக்கு ஊசி, வயிற்றுக்கு மாத்திரை என்று தனித்தனியாகப் பார்த்திருந்தால் நான் அந்த வீட்டுக்கு மாதாமாதம் போய்க்கொண்டே இருந்திருப்பேன். எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கூடையில் இருந்தது. அதை மாற்றி வேறு எதை வைப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஏழு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு தவறு என்னுடையது.

முதல் நாள் பார்த்தவை

உடல் வெப்பம் 100.6 டிகிரி ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42. இரண்டும் இயல்பான அளவுதான். விலா எலும்புகளை எண்ண முடிந்தது. உடல்நிலையை 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பிடும் அளவுகோலில் மூன்றரைதான் கொடுத்தேன். வலது கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தபோது கருவிழியில் பச்சையாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. கீறல். கீழிமைக்குள் ஒரு புல்லின் காய்ந்த கூர்முனை ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கின் ஓரங்களில் வெள்ளையாகச் சளி. கதவு நிலையின் உள்பக்கம் முழுவதும் பல் பதிந்து, மரம் ஓர் அங்குல ஆழத்துக்குக் குழிந்திருந்தது. கேட்டுப் பார்த்ததில், ஐப்பசியிலேயே இரண்டு தடவை லேசாக வயிற்றுவலி வந்து, படுத்துப் படுத்து எழுந்து, தானாகச் சரியானதாகச் சொன்னார்.

கண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி சொட்டுமருந்தும் வலிக்கு மருந்தும் கொடுத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை: வீட்டில் மாட்டுக்கு வாங்கிய பழைய ஸ்டீராய்டு சொட்டுமருந்து ஒன்று இருந்தது, அதை விட நினைத்திருந்தார்கள். கருவிழியில் கீறல் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆழமாகிக் கண்ணே போய்விடலாம். கண்ணில் நீர் வழியும் குதிரைக்குச் சாயம் விட்டுப் பார்க்காமல் எந்தச் சொட்டுமருந்தும் விடாதீர்கள்.

கூடையில் இருந்த தீனியைக் கையில் எடுத்துப் பிரித்தேன். பாதி வரப்புப் புல் காயவைத்தது, பாதி குறுவை வைக்கோல். குறுவை அறுப்பும் மழையும் காவிரி டெல்டாவில் பல வருடம் ஒன்றாகவே வந்துவிடும். இந்த வைக்கோலும் வயலிலேயே நனைந்து, சரியாகக் காயாமல் போரில் ஏறியது. பிரித்ததும் சாம்பல் நிறத்தில் புகைபோல் தூசி எழுந்தது. பூசணம். அந்தத் தூசி ஐந்தரை அடி உயரத்திலிருந்து தினமும் அதன் கண்ணிலும் மூக்கிலும் விழுந்துகொண்டிருந்தது.

பகலில் பார்த்தது போதாது என்று தோன்றியது. குதிரையின் நாளில் பாதி இரவு. அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டேன்.

ஓர் இரவு

அண்ணனின் தங்கை மகன்தான் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவன், பத்தொன்பது வயதுப் பையன். அவனும் நானும் லாயத்துக்கு வெளியே ஒரு விசிப்பலகையில் உட்கார்ந்தோம். மாலை ஆறரைக்குக் கூடையில் மூன்றரைக் கிலோ போட்டான். நிறுத்துத்தான் போடச் சொன்னேன். செவலை கழுத்தை மேலே நீட்டி, தலையைச் சாய்த்து, கம்பிக்கு நடுவே இழுத்து இழுத்துத் தின்றது. ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டது. எட்டே முக்காலுக்குக் கூடை காலி. அப்புறம் தரையில் விழுந்ததை மணலோடு சேர்த்துப் பொறுக்கியது. ஒன்பதரைக்கு அதுவும் முடிந்தது.

பதினொன்றரைக்குக் கதவு நிலையைக் கடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டுக்கு ஒரு முறை, ஒன்றே காலுக்கு ஒரு முறை வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கொட்டகையில் மாடுகள் கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சத்தமும் இந்த மரத்தைக் கடிக்கும் சத்தமும் மாறி மாறிக் கேட்டது. காலை ஆறு மணிக்கு அடுத்த தீனி. நடுவில் எட்டரை மணி நேரம் அந்தக் குதிரையின் வாய்க்கு வேலை இல்லை.

"மாடு எல்லாம் ராத்திரி சாப்பிடாமத்தானே கெடக்கு அக்கா, இதுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. இந்த ஆய்வு முழுவதுமே அதற்கான பதில்தான்.

மாட்டுக்குப் பழகிய கை

மாடு அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். அதன் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய பானை. மாலையில் நிரப்பினால் இரவு முழுவதும் வாய்க்குக் கொண்டுவந்து மென்றுகொள்ளும். காலி தொட்டிக்கு முன்னால் படுத்திருந்தாலும் அதற்குத் தீனி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

குதிரைக்கு அசை கிடையாது. நன்கு வளர்ந்த பெரிய குதிரைக்கே இரைப்பை 8 முதல் 15 லிட்டர் அளவுதான். செவலைக்கு அதனினும் குறைவு. அந்தச் சிறு பையில் இரவு பகல் பாராமல் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். அந்த உமிழ்நீரோ குதிரைக்கு மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். மெல்லாத ஒவ்வொரு மணி நேரமும் இரைப்பையின் மேல்பாதியில் அமிலம் பட்டுக்கொண்டிருக்கிறது. அங்கேதான் புண் வருகிறது. வாந்தி எடுத்து வெளியே தள்ளவும் குதிரையால் முடியாது. கொள்ளை மோந்துவிட்டு விடுவது, மரத்தைக் கடிப்பது, வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது எல்லாம் இந்தப் பக்கம்தான் கை காட்டின. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்க்காததால் இரைப்பைப் புண் என்று நான் உறுதியாக எழுதவில்லை. இருக்கலாம் என்ற கணிப்பில், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கொடுத்தேன்.

திறந்தவெளியில் விட்ட குதிரை ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் மேயும். கோடியக்கரைச் சரணாலயத்துக்குப் போனவர்கள் அங்கே காட்டுவாசியாகிவிட்ட மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். எப்போது பார்த்தாலும் தலை கீழேதான் இருக்கும், இரண்டு கடி, ஓர் அடி, இரண்டு கடி, ஓர் அடி. அந்த உடம்பைத்தான் நாம் பத்துக்குப் பத்தில் கட்டிவைத்து, மாட்டைப்போல இருவேளை தீனி போடுகிறோம்.

தலை கீழே இருப்பது அழகுக்கு இல்லை. மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் தலை தாழ்ந்திருக்கும்போதுதான் வெளியே வடியும். லாரியில் நெடுந்தூரம் தலையைத் தூக்கிக் கட்டிக் கொண்டுபோன குதிரைகளுக்கு நுரையீரல் அழற்சி வருவது இதனால்தான்.

ஆகவே அண்ணனிடம் நான் வைத்த கேள்வி இதுதான்: எந்தத் தொட்டியில் புல் குறைவாக வீணாகும் என்று பார்க்காதீர்கள். எந்தத் தொட்டி இவளைத் தலையைத் தாழ்த்தி, இரவில் அதிக நேரம் மெல்ல வைக்கும் என்று பாருங்கள். மாட்டுக்கு அசை செய்யும் வேலையைக் குதிரைக்கு இந்தத் தொட்டி செய்ய வேண்டும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி டாக்டரம்மா, கூடையக் கழட்டிடறேன்" என்றார்.

முதலில் தீனி

தொட்டிக்கு முன்னால் அதில் போடுவதைச் சரிசெய்தோம். மார்புச் சுற்றளவு 160 செ.மீ., உடல் நீளம் 140 செ.மீ. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 302 கிலோ. நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு நாளைக்கு ஈரம் நீங்கலாக 6 கிலோ நார்த்தீனி. காய்ந்த புல்லிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும் என்பதால் 7 கிலோ என்று வைத்துக்கொண்டோம்.

வைக்கோலை முழுவதும் நிறுத்தினேன். அதில் சத்தும் குறைவு, மணல்சத்து என்கிற சிலிக்காவும் அதிகம். குடலில் கட்டிக்கொண்டு வயிற்றுவலி கொடுக்கும். மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வாசலிலேயே வளர்ந்து நின்றது. கோ-4, கோ-5 என்று எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதையும் குதிரைக்கு அன்றாடத் தீனியாக வேண்டாம் என்றேன். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் அதைச் சமாளித்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லாததால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, முக எலும்பு வீங்கி, கால் நொண்டும். கூடவே பாஸ்பரஸ் மிகுந்த அரிசித்தவிடும் கொடுத்தால் இன்னும் மோசம். கொழுக்கட்டைப் புல்லுக்கும் இதே குறை உண்டு.

நம்மிடம் இருப்பதில் குதிரைக்கு ஏற்றது அறுகு. பிள்ளையாருக்குப் போடும் அதே அறுகுதான் உலகம் முழுக்கக் குதிரைத் தீனி. கொள்ளிடப் படுகையில் சித்திரை வெயிலில் அறுத்துக் காயவைத்து, பரணில் ஏற்றியிருந்த ஒருவரிடம் அண்ணன் பேசி வாங்கினார். கொஞ்சம் குதிரை மசால் தீவனமும் கொங்குப் பக்கத்திலிருந்து வரவழைத்தோம். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நம் ஆட்கள் சும்மா வைக்கவில்லை. ஒரு பிடியை முறுக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, கட்டிவைத்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். மாற்றத்தைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம்.

தரை, வலை, பெட்டி

முதல் வாரம் தரையில் போட்டோம். தலைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கண்ணீர் நின்றது, நான்காம் நாளே இருமல் பாதியானது. ஆனால் தொங்கும் தராசில் நிறுத்துப் பார்த்தால் ஏழு கிலோவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சாணத்திலும் மூத்திரத்திலும் மிதிபட்டுக் கிடந்தது. அது பணக்கணக்கு, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மணல். தரையில் படாத புதுச் சாணத்தின் நடுப்பகுதியை எடுத்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கால்மணி நேரம் தொங்கவிட்டேன். பையின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆற்றுமணல் படிந்தது. தின்னும் மணல் பெருங்குடலில் தங்கித் தங்கிக் கனக்கும், ஒருநாள் அடைக்கும். சிமெண்டுத் தரையோ ரப்பர் பாயோ இருந்தால் தரையே போதும் என்று சொல்லியிருப்பேன். இங்கே இல்லை. தரையில் போட்டதும் முன்போலவே மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. குதிரை ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். எளிதாகக் கிடைத்தால் அதற்கு மேல் இழுக்காது.

இரண்டாம் வாரம் வலை. நேரத்தை நீட்ட இதுதான் பெயர்பெற்ற வழி. சின்னக் கண்ணுள்ள வலைக்குள் புல்லை வைத்தால் குதிரை உதட்டால் தேடித் தேடி, ஒரு கடிக்கு நான்கைந்து இழையாகத்தான் எடுக்க முடியும். தரங்கம்பாடியில் வலை பின்னுகிறவரிடம் போனோம். மீன்வலை நரம்பு வேண்டாம், ஈறை அறுத்துவிடும், பென்சில் பருமன் மெத்தென்ற நைலான் கயிறு வேண்டும், கண் நான்கு செ.மீ. என்று சொன்னேன். ஒரே நாளில் பின்னிக் கொடுத்தார். அவ்வளவு சீரான முடிச்சுகளை நான் எந்தக் கடைச் சரக்கிலும் பார்த்ததில்லை.

நான்கரைக் கிலோ ஆறரை மணி நேரம் வந்தது. இரவில் மரம் கடிக்கும் சத்தம் குறைந்தது. நான் மகிழ்ந்துபோய், இதுவே முடிவு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பையன் அழுதுகொண்டே கூப்பிட்டான். தலை தாழ்ந்திருக்கட்டும் என்று நான்தான் வலையைத் தாழ்வாகக் கட்டச் சொல்லியிருந்தேன். புல் தீர்ந்ததும் வலை துவண்டு இன்னும் கீழே தொங்கியது. செவலை முன்காலால் தட்டியபோது லாடத்தின் பின்முனை வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. மூன்று காலில் நின்று இழுத்திருக்கிறது. நல்லவேளை, பையன் லாயத்து வாசலில்தான் படுத்திருந்தான், அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டான். ஒரு லாடம் பிடுங்கிக்கொண்டு போனதும் குளம்பின் ஓரம் பிளந்ததும்தான் சேதம். இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் காலே போயிருக்கும். லாடம் அடித்த குதிரைக்கு வலையைத் தாழ்வாகத் தொங்கவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. நேரக்கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்காமல் விட்டேன். அந்தப் பையனிடமும் அண்ணனிடமும் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

வலையை உயரத்தில், கண்மட்டத்துக்குக் கட்டினால் கால் மாட்டாது. ஆனால் அப்போது மறுபடி தலை மேலே, தூசி கண்ணில். சுற்றி அதே கூடைக்கே வந்து நிற்கும்.

வலை வேண்டும், ஆனால் குளம்பு அதைத் தொடக் கூடாது. தலை தாழ வேண்டும், ஆனால் மணலில் படக் கூடாது. இந்த நான்கையும் சேர்த்து யோசித்தபோதுதான் பெட்டிக்குள் வலை என்று வந்தோம்.

உள்ளூர் ஆசாரியிடம் பூவரசம் பலகையில் செய்யச் சொன்னோம். வண்டிக்கும் ஏருக்கும் இந்த ஊரில் காலங்காலமாகப் பூவரசுதான், வெட்டுப்பட்டாலும் எளிதில் பிளக்காது. நீளம் மூன்றடி, அகலம் இரண்டடி, மேல்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி. செவலையின் முழங்காலுக்கு மேலே, மார்புக்குக் கீழே. உள்ளே நான்கு பக்கமும் வலையைத் தளர்வாகக் கட்டினோம். புல் குறையக் குறைய வலையும் அதன்மேலேயே இறங்கிவரும், விளிம்பைத் தாண்டி வெளியே வராது. இரும்புக் கம்பிவலையை மேலே வைக்கலாமே என்று ஆசாரி கேட்டார். கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல் தேயும், ஈறு கிழியும் என்று வேண்டாம் என்றேன். விளிம்பெல்லாம் உருட்டி இழைத்து, ஆணித்தலை எதுவும் வெளியே தெரியாமல் போல்ட்டைப் பலகைக்குள் பதித்தார். கரையானுக்குப் பயந்து கழிவு ஆயில் பூசும் பழக்கம் உண்டு. குதிரை விளிம்பை நக்கும், கடிக்கும். ஆகவே ஆயிலும் இல்லை, பெயிண்டும் இல்லை, அடியில் சிமெண்டுக் கல் மட்டும்.

பத்து நாளில் இந்தப் பெட்டியும் தோற்றது. அடிப்பலகை மூடியிருந்தது. மார்கழிப் பனி. விடிகாலையில் லாயத்து ஓட்டிலிருந்தே சொட்டும். தூசிக்காக நாங்கள் அரைமணி நேரம் நனைத்துப் போட்ட புல்லின் தண்ணீரும் அடியில் தேங்கி, மூலைகளில் புளித்த வாடை வந்தது. விரலை விட்டால் வழவழப்பு. காற்று உலர்ந்த ஊர்களில் அடி மூடிய பெட்டி நன்றாகவே இருக்கலாம். டெல்டாவில் ஐப்பசி முதல் தை வரை எதுவும் தானாகக் காயாது.

அடிப்பலகையைப் பிரித்து, அரை அங்குல இடைவெளி விட்ட சட்டங்களாக மாற்றினோம். குளம்பு நுழைய முடியாத இடைவெளி, தூசியும் தண்ணீரும் இறங்கும், காற்று ஏறும். சட்டங்கள் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். ஒரு பக்கப் பலகையைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்ததால் பையன் தினமும் காலையில் மிச்சத்தைப் பெருக்கித் தள்ளிவிடுகிறான். புல்லை நனைப்பதையும் மாற்றினோம். நம் வெக்கையில் நனைத்த புல் சில மணி நேரத்தில் புளிக்க ஆரம்பிக்கும். ஆகவே இரவு முழுவதற்குமான புல்லை நனைப்பதில்லை. தூசி குறைவான அறுகை வெளியே உதறி, லேசாகத் தண்ணீர் தெளித்து மட்டும் போடுகிறோம்.

இடையில் வந்த மற்ற யோசனைகளுக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை. பழைய டிராக்டர் டயரை அடுக்கிப் புல் போடுவது பலருக்குப் பழக்கம். டயர் கிழிந்தால் உள்ளிருக்கும் எஃகு இழை வயிற்றுக்குள் போகும். நீல டிரம்மைப் பாதியாக அறுக்கலாம் என்றார்கள். அதில் முன்பு என்ன இரசாயனம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மாட்டுக்கொட்டகையின் சிமெண்டுத் தொட்டிக்குச் சொரசொரப்பான விளிம்பு, தண்ணீர் வடியவும் வழியில்லை.

தைக்குப் பிறகு

இப்போது மாலை ஏழரைக்குப் பெட்டியில் நான்கரைக் கிலோ. மூன்று மணிவரை விட்டுவிட்டு மென்றுகொண்டிருக்கிறது. ஆறு மணிக்கு அடுத்த தீனி என்பதால் வாய் சும்மா இருப்பது மூன்று மணி நேரம்தான். மீதி இரண்டரைக் கிலோ பகலில். கொள்ளை ஊறவைத்து, முதலில் கொஞ்சம் புல் தின்ற பிறகே வைக்கிறோம். வெறும் வயிற்றில் கொள்ளு வைத்தால் மெல்லும் நேரமும் குறைவு, உமிழ்நீரும் குறைவு. கடலோரம் என்பதால் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அது குறைவாகக் குடித்ததும் வயிற்றுவலிக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆகவே குழாய்த் தண்ணீரைத் தனித் தொட்டியில், பெட்டிக்கு எதிர்மூலையில் வைத்தோம்.

கண் பன்னிரண்டு நாளில் ஆறிவிட்டது, தழும்பு இல்லை. இருமல் மெதுவாகத்தான் விட்டது. தை கடைசிவரை விடிகாலையில் இரண்டொரு முறை கேட்டது. மாசி மாதம் அளந்தபோது மார்புச் சுற்றளவு 164 செ.மீ., அதே கணக்கில் 317 கிலோ. உடல்நிலை மதிப்பு ஐந்து. வயிற்றுவலி திரும்பவில்லை. சாணத்தில் மணல் துளிதான் தெரிந்தது. கதவு நிலையைக் கடிப்பது மட்டும் முழுக்க நிற்கவில்லை. புல் தீர்ந்தபின் விடியும்வரை உள்ள நேரத்தில் இன்னும் கடிக்கிறது. பல மாதப் பழக்கம். பகலில் இரண்டு மணி நேரமாவது களத்தில் அவிழ்த்துவிட்டால் குறையும் என்று சொல்லியிருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின்தான் முடியும் என்கிறார்.

அந்தக் காணும் பொங்கலுக்கு செவலை ஓடவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னபோது அண்ணனின் முகம் வாடியதை மறைக்க முடியவில்லை. மூன்று வருடமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் வளர்க்கிறார். ஆனாலும் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். பந்தயத்தன்று கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவரே பெட்டியில் புல்லைப் போட்டதாகப் பையன் சொன்னான்.

இப்போது அவருடைய மச்சானுக்கும் ஒரு பெட்டி வேண்டுமாம். அவரிடம் இருப்பது லாடம் அடிக்காத மட்டக்குதிரை, அதுவும் ஏற்கெனவே கொழுத்தது. அதற்கு மூன்று செ.மீ. கண்ணுள்ள வலையும், இதைவிட அரையடி தாழ்ந்த விளிம்பும் போதும். ஆசாரி செவலையின் பெட்டி அளவிலேயே பலகையை அறுக்கத் தொடங்கியிருந்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தக் குதிரையை நேராக நிற்கவைத்து முழங்கால் உயரத்தையும் மார்பு உயரத்தையும் டேப்பில் அளந்து வரச் சொல்லி பையனை அனுப்பியிருக்கிறேன்.